பூட்டிய அறைக்குள் ஸ்பெயர் டயர்

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வாகனத்தை விட்டு இறங்கியதும் முதலில் எதையாவது எடுத்து நீட்டுவார்கள். சொக்லேட், சவர்க்காரம், சென்ற் போத்தல், இப்படி ஏதாவது. சுவிஸிலிருந்து வந்த என் அண்ணை எடுத்தது ஒரு டயர்.

அவர் வந்தது கொழும்பில் வாங்கித் திருத்திய ஒரு வானில். உள்ளே கட்டில், கழுவுகிற தொட்டி, காஸ் அடுப்பு, சின்ன அலுமாரி, மூலையில் திரை போட்ட கக்கூசு. அங்கே இதை மோட்டார்ஹோம் என்பார்களாம். எங்கள் ஒழுங்கையில் அதற்கு ‘வீட்டு வான்’ என்று பெயர் விழுந்துவிட்டது. நிறம் வேறு வெள்ளை. சண்டைக் காலத்தில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனது வெள்ளை வான்களில்தான், முன்கூட்டிச் சொல்லாமல் படலையில் ஒன்று வந்து நின்றால் எங்களுக்கு இன்றைக்கும் பயம். கிணற்றடியில் நின்ற என் கணவர் வாளியைக் கீழே போட்டுவிட்டுத்தான் எட்டிப் பார்த்தார். அண்ணைதான் என்று கண்டதும் இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது. அந்த நிம்மதி கொஞ்ச நேரம்தான் நின்றது.

அண்ணை வானின் பின்கதவைத் திறந்தார். கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் செருகிக் கிடந்த டயரை றிம்மோடு சேர்த்து இழுத்து நிலத்தில் போட்டார். முற்றத்து மணலில் உருட்டிக்கொண்டு நேரே வீட்டுக்குள் போனார். நடு அறையின் பூட்டைத் திறந்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், கன நேரம் வெளியே வரவில்லை. வந்ததும் கதவைத் திரும்பப் பூட்டிச் சாவியைக் காற்சட்டைப் பையில் போட்டார். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்து, “எப்பிடி இருக்கிறாய்?” என்று கேட்டார்.

அப்போதே எனக்குப் பொறி தட்டியது.

வேலணைத் தீவில் நாங்கள் குடியிருக்கும் இந்த வீடு அண்ணையுடையது. எங்கள் சொந்த வீடு கடற்கரைப் பக்கம் இருந்தது. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது அதில் ஒரு சுவர்கூட நேராக நிற்கவில்லை. “என்ரை வீடு சும்மா தானே கிடக்கு, போய் இருங்கோ” என்று அண்ணை போனில் சொன்னார். பிறகு ஒருமுறை அண்ணியோடு வந்து நின்றபோது நடு அறையில் தங்கள் சாமான்களைப் போட்டுப் பூட்டிச் சாவியைச் சுவிஸுக்குக் கொண்டுபோய்விட்டார். கலியாணக் கட்டில், அலுமாரி, அண்ணியின் புத்தகங்கள், கலியாண அல்பம் எல்லாம் அதற்குள்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. இந்தத் தீவுகளில் பாதி வீடுகள் இப்படித்தான். சொந்தக்காரர் வெளிநாட்டில், இருக்கிறவர் வேறு. இருக்கிறவர் மற்ற அறைகளில் சமைக்கலாம், படுக்கலாம், பிள்ளை பெறலாம், செத்தும் போகலாம். பூட்டின அறை ஒன்று மட்டும் நடு வீட்டில் இருந்துகொண்டு, ‘நீ இங்கே காவலுக்குத்தான் இருக்கிறாய்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நான் அந்தக் கதவைத் தாண்டித்தான் குசினிக்குப் போகவேண்டும். போகும்போதெல்லாம் சாரியை ஒதுக்கிக்கொண்டு போய்ப் பழகிவிட்டேன்.

அப்படிப்பட்ட அறைக்குள் இந்த மனிதர் ஏன் ஒரு டயரைக் கொண்டுபோய்ப் பூட்டவேண்டும்? விறாந்தையில் வைத்தால் தின்றுவிடுவோமா?

அன்று பின்னேரம் தேத்தண்ணி கொடுக்கும்போது மெல்லத் தொடங்கினேன்.

“அண்ணை, ஸ்பெயர் டயர் இல்லாமல் வாகனம் ஓடுறதோ?”

“அங்கை இப்ப ஒருத்தரும் ஸ்பெயர் கொண்டு திரியிறேல்லை. முந்தி டயர் தொங்கின இடத்திலைதான் இப்ப தண்ணித் தாங்கி பூட்டியிருக்கு. உள்ளுக்கு வைச்சா நடக்க இடமில்லை, பாரமும் கூட. காத்துப் போனா இந்தப் போத்தலை வால்விலை வைச்சு அமத்தினாச் சரி, நுரை போய் ஓட்டையை அடைக்கும். அதுக்கும் மிஞ்சினா போன் அடிச்சா வருவாங்கள்.”

“இஞ்சை ஆருக்கு அடிப்பியள்?”

“உனக்குத்தான்.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக் காவல் போதாதென்று டயர்க் காவலும் என் தலையிலா என்றுதான் தோன்றியது.

“இது சுவிஸ் இல்லை அண்ணை. இந்த அளவு டயர் ரவுணிலையே தேடவேணும். தீவுக்குள்ளை தேடினா வண்டில் சில்லுத்தான் கிடைக்கும். புங்குடுதீவுப் பாலத்திலை நிண்டா ஒதுங்க ஒரு நிழலும் இல்லை.”

“ஒருக்காலும் பாவிக்காத சாமானை என்னத்துக்குக் காவித் திரிய?”

“ஒருக்காலும் பாவிக்காத சாமானை என்னத்துக்குப் பூட்டி வைக்க?”

அண்ணை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். என் கணவர் எழும்பி மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். வாக்குவாதம் சூடானால் அவருக்கு மாட்டின் ஞாபகம் வந்துவிடும்.

எங்கள் குடும்பத்தில் வீடு வளவு பற்றி யாரும் யாரையும் நேரே கேட்பதில்லை. கேட்டால், கேட்டவருக்கு ஆசை வந்துவிட்டது என்று ஆகிவிடும். ஆகவே ‘வீட்டை என்ன செய்யப் போகிறீர்கள்’ என்ற கேள்வியை நான் விழுங்கிக்கொண்டேன். அதற்குப் பதிலாக ஒவ்வொரு நாளும் டயரைப் பற்றிக் கதைத்தோம். வானில் ஸ்பெயர் வேண்டும் என்று நான், வேண்டாம் என்று அவர். அயலவர்கள் கேட்டிருந்தால் இந்த வீட்டில் எல்லாருக்கும் டயர்ப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

சந்தேகத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. வந்த அன்று, “எங்கை படுக்கப் போறியள்?” என்று கேட்டேன். நான் கேட்டு முடிக்குமுன், “வானிலைதான்” என்று வெட்டினாற்போல் சொல்லிவிட்டார். தங்கச்சி வீட்டு முற்றத்தில், வேப்பமரத்துக்குக் கீழே, வானுக்குள் படுத்து எழும்புகிற தமையனை இந்த ஊர் கண்டதுண்டா? காலையில் தானே அடுப்பை மூட்டித் தானே கோப்பி போட்டுக் குடித்தார். என் கையால் ஒரு கோப்பி குடிக்கவும் பயமா? மத்தியானம் மட்டும் வந்து எங்களோடு இருந்து சாப்பிடுவார். நண்டுக் கறியை நக்கி நக்கித் தின்னும்போது அந்தப் பயம் எங்கே போனதோ தெரியாது.

விடிந்ததும் வானை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவார். எங்கே என்று கேட்டால், “சும்மா ஒரு சுத்து.” ஒருநாள் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் வானோடு ஏறிக் காரைநகருக்குப் போனதாகச் சொன்னார். இன்னொரு நாள் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டு அக்கா வேலியால் எட்டிப் பார்த்து, ஊர்காவற்றுறையில் காணி உறுதி எழுதுகிற ஒரு நொத்தாரிசின் வாசலில் வீட்டு வான் நின்றதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, “நான் ஒண்டும் சொல்லேல்லை” என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு காரில் ஒருவர் வந்தார். அண்ணை அப்போது வீட்டில் இல்லை. வழியால் போகிறவராம், குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். செம்பைக் கையில் வாங்கியவர் தண்ணீரைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். பிறகு வேலியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை கண்ணாலே நடந்தார்.

“கிணறு நல்ல தண்ணியோ?” என்று கேட்டார்.

தீவில் ஒரு வளவின் உயிர் அதன் கிணற்றில்தான் இருக்கிறது. வாங்க வருகிறவன் முதலில் கேட்பதும் அதைத்தான்.

“சரியான உவர்” என்றேன்.

அவர் செம்பில் இருந்ததைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

என் கணவரிடம் சொன்னேன். “ஆரும் தாகத்துக்கு வந்திருப்பினம்” என்றார் அவர்.

“உங்களுக்கு ஆர் வந்தாலும் தாகத்துக்குத்தான் வருவினம். நாளைக்கு எங்களை றோட்டிலை விட்டாப்போலை அங்கை நிண்டு தண்ணி குடிப்பம்.”

எனக்கு வயது ஐம்பது தாண்டிவிட்டது. இனி ஒரு வீட்டைத் தேடி, சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இன்னொருவர் படலையில் போய் நிற்க என்னால் ஏலாது. அந்தப் பயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணை இல்லாத நேரம் போய் நடு அறையின் சாவித் துவாரத்தால் பார்த்தேன். கறுப்பாக டயரின் ஒரு பக்கம் தெரிந்தது. மற்றதெல்லாம் இருட்டு. காணிக்கு எல்லைக் கல் போடுகிற மாதிரி இந்த மனிதர் வீட்டுக்குள் டயரைப் போட்டிருக்கிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. பழைய சாமான்கள் மட்டும் இருந்தால், மறந்துபோன அறை என்று நாளைக்கு யாராவது சொல்லலாம். புது டயர் இருந்தால், நேற்றுக்கூட அறையைப் புழங்கியவர் அவர்தான். நொத்தாரிசுதான் சொல்லிக் கொடுத்திருப்பார்.

ஒருநாள் காலையில் அண்ணை நயினாதீவுக்குப் போகப் புறப்பட்டார். குறிகட்டுவானில் வானை விட்டுவிட்டுப் படகில் போவதாகச் சொன்னார். நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“டயரை ஏத்திக்கொண்டு போங்கோ அண்ணை. பாலத்தாலைதான் போகவேணும்.”

“உனக்கு என்ன, அந்த அறையிலை ஒரு கண்?”

டயரில் என்றல்ல, அறையில் என்றுதான் கேட்டார். எனக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. படலையை விட்டேன், அவர் போனார்.

வெயில் ஏறின பிறகு போன் வந்தது.

“டயர் வெடிச்சிட்டுது. பாலத்திலை நிக்கிறன்.”

“போத்தல் என்ன செய்யுது?”

“பக்கத்தாலை கிழிஞ்சு போச்சு. நுரை முழுக்க றோட்டிலை.”

மகிழ்ச்சி என்று சொன்னால் பாவம். ஆனால் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

“அந்த டயரை லான்ட்மாஸ்டரிலை போட்டுக் கொண்டு வாருங்கோ” என்றார்.

“சாவி?”

அந்தப் பக்கம் காற்று இரைகிற சத்தம் மட்டும் கேட்டது.

“என்ரை பொக்கற்றுக்கை” என்றார் கடைசியில். “பறவாயில்லை, பூட்டை உடையுங்கோ.”

என் கணவர் அதற்குள் அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு குடும்பம், மழை ஒழுகுகிறதென்று வீட்டுக்காரரின் பூட்டை உடைத்துவிட்டுப் படாத பாடு பட்டது. ‘என் அறையை உடைத்துப் புகுந்தவர்கள்’ என்ற ஒரு கதை போதுமாக இருந்தது, அவர்களை வீட்டைவிட்டு எழுப்ப.

“நாங்கள் உடைக்க மாட்டம்.”

“நான்தானே சொல்லுறன்!”

“நீங்கள் சொன்னதுக்கு ஆர் சாட்சி?”

அவர் போனை வைத்துவிட்டார். நாங்கள் வெறும் லான்ட்மாஸ்டரில், சாவி வாங்குவதற்காக, அந்த வெயிலில் புறப்பட்டோம். அந்த உழவு இயந்திரத்தின் பெட்டிக்குள் என்னோடு கிடந்தது பனங்குற்றி ஒன்று மட்டும். வானைத் தூக்குகிற ஜக் புதையாமல் இருக்கக் கீழே வைக்க என்று என் கணவர் போட்டது.

பாலத்தின் நடுவில், இரண்டு பக்கமும் கடல் தகதகக்க, வீட்டு வான் ஒரு பக்கம் சரிந்து நின்றது. அதன் ஒடுங்கிய நிழலில் மடக்குக் கதிரை போட்டு அண்ணை உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்து போயிருந்தது. எங்களைக் கண்டதும் எழும்பி வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“டயர் எங்கை?”

“சாவி எங்கை?”

“நான் உடைக்கச் சொன்னனான்தானே! என்ன மனிசர் நீங்கள்!”

“நாளைக்கு நாங்கள் பூட்டை உடைச்ச ஆக்கள் எண்டு நீங்களே சொல்லுவியள். எங்களை எழுப்ப ஒரு சாட்டு வேணும்தானே உங்களுக்கு?” என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. ஒரு பஸ் வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. “சொல்லுங்கோ அண்ணை, வீட்டை விக்கப் போறியளோ?”

கேட்டுவிட்டேன். என் கணவர் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பாவம், அங்கே மாடு இல்லை.

“ஓம்” என்றார் அண்ணை. “விக்கிற யோசினையோடைதான் வந்தனான். நொத்தாரிசையும் கண்டனான். ஒருத்தர் வந்து பாத்தவர். நான் இன்னும் முடிவு சொல்லேல்லை.”

சந்தேகம் சரியாகிவிட்டால் மனம் ஆறும் என்பார்கள். ஆறவில்லை.

“ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்.”

“எப்பிடிச் சொல்லுறது? அங்கை எல்லாரும் சொன்னவை, தங்கச்சியை இருக்க விட்டனீ, இனி வீடு உனக்கில்லை, போனாப் படுக்க ஒரு பாய்கூடத் தரமாட்டாள் எண்டு. அதுக்குத்தான் இந்த வானே வாங்கினனான். வந்து இறங்கின உடனை நீயும் கேட்டாய், எங்கை படுக்கப் போறியள் எண்டு.”

“ஐயோ அண்ணை, அது வீட்டுக்கு வாற எல்லாரையும் கேக்கிறதுதானே! அறையும் நீங்களே பூட்டி வைச்சிருக்கிறியள், நான் எங்கை பாய் போடுறது?”

அவர் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

“போய் நீயே திற” என்றார்.

வீட்டுக்கு வந்து திறந்தேன். இத்தனை வருடம் ஒதுங்கி ஒதுங்கிப் போன கதவு. உள்ளே வெளிச்சம் விழுந்ததும் பார்த்தேன். அறையின் நடுவில் டயர் கிடந்தது. வேறொன்றும் கண்ணில் படவில்லை.

எனக்கு முதலில் தோன்றியது என்னவென்றால், மனிதர் நாங்கள் அறியாமல் சாமான்களைக் கடத்திவிட்டார் என்பதுதான். என் புத்தி அப்படி. பிறகு கண் பழகிவர, சுவர் முழுக்கக் கூரைவரை ஏறியிருந்த மண் கோடுகள் தெரிந்தன. கறையான். கட்டில் இருந்த இடத்தில் கால் உயரத்துக்கு மண் குவியல். அலுமாரியில் மிஞ்சியது கண்ணாடியும் கதவுப் பிணைச்சலும். கலியாண அல்பம் இருந்த இடத்தில் மண்கட்டி போன்ற ஏதோ ஒன்று, தொட்டதும் உதிர்ந்தது. அண்ணி போன வருடம்தான் சுவிஸில் தவறிப்போனார். அவருடைய பொருள் என்று இந்தத் தீவில் இருந்தது இவ்வளவும்தான்.

போன் அடித்தது.

“திறந்தியோ?”

“ஓம்.”

“கண்டியோ?”

“கண்டனான் அண்ணை.”

“வந்த அண்டைக்கே கண்டிட்டன். வெளியிலை வந்து உனக்கு என்னெண்டு சொல்லுறது? அப்பிடியே விட்டா எனக்கு அந்த வீட்டிலை ஒரு பொருளும் இல்லை. வெறும் அறையைப் பூட்ட வெக்கமாக் கிடந்தது. கையிலை டயர்தான் இருந்தது.”

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. சாவியைத் தந்துவிட்டுப் போயிருந்தால் மாதம் ஒருமுறையாவது திறந்து மண்ணெண்ணெய் தெளித்திருப்பேனே! நான் எதையாவது எடுத்துவிடுவேன் என்று பயந்து, எல்லாவற்றையும் கறையானுக்குக் கொடுத்துவிட்டார். இதையும் போனில் சத்தமாகச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

டயரை ஏற்றிக்கொண்டு என் கணவர் மட்டும் பாலத்துக்குப் போனார். நான் வீட்டில் நின்றுவிட்டேன். எனக்கு வேலை இருந்தது.

அவர்கள் வந்து சேரப் பின்னேரம் ஆகிவிட்டது. முன்னுக்கு வீட்டு வான், பின்னுக்கு லான்ட்மாஸ்டர். இரண்டு பேர் கையும் கரி. அண்ணை வெடித்த டயரை இறக்கி, பழக்கதோஷத்தில் வீட்டுப் படிவரை உருட்டிவந்து நின்றார்.

“ரவுணிலை புதுசு ஒண்டு சொல்லியிருக்கிறன். அது வருமட்டும் இதை எங்கை வைக்கிறது?”

“வானிலை வையுங்கோ. அறையிலை இடமில்லை.”

அவர் நிமிர்ந்து உள்ளே பார்த்தார். கதவு விரியத் திறந்திருந்தது. மண்ணெல்லாம் கூட்டி அள்ளி, மூலைக்கு மூலை மண்ணெண்ணெய் தெளித்து, கொழும்பில் படிக்கிற மகளின் கட்டிலைப் பக்கத்து வீட்டு அக்காவோடு பிடித்துக் கொண்டுவந்து போட்டிருந்தேன். சலவை விரிப்பு, தலையணை, ஒரு கதிரை. மண்ணெண்ணெய் மணம்தான் போகவில்லை.

அண்ணை டயரைத் திரும்ப உருட்டிக்கொண்டு போய் வானின் கட்டிலில் ஏற்றினார். அங்கே இனி யாரும் படுக்கப் போவதில்லை, ஆகவே ஸ்பெயர் டயருக்கு இடம் வந்துவிட்டது. வரும்போது தன் உடுப்புப் பையைக் கொண்டுவந்தார். ஸ்பெயர் டயர் வழக்கு அதோடு முடிந்தது. வென்றது நான்.

குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து அவர் யாருக்கோ போன் எடுத்தார். நான் தேத்தண்ணியோடு கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டேன். ஒட்டுக் கேட்டேன் என்று சொன்னாலும் சரிதான்.

“இல்லை தம்பி, வீடு இப்ப குடுக்கேலாது. ஆக்கள் இருக்கினம்.”

ஆக்கள் இருக்கினம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் வந்த அந்த ‘இப்ப’ எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணியைக் கையில் கொடுத்தேன்.

“இப்ப எண்டா, எந்தக் காலம் மட்டும்?” என்று நேரே கேட்டேன்.

அண்ணை ஒரு வாய் குடித்தார்.

“நாங்கள் இருக்குமட்டும்” என்றார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“கிணறு சரியான உவர் எண்டு அந்த மனிசனுக்குச் சொன்னனீயாம்?”